டி.என்.ஏ. பழுதுநீக்க மரபணுத் திரிபுகளும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும்

டி.என்.ஏ. பழுதுநீக்க மரபணுத் திரிபுகள் என்பவை, உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. மூலக்கூற்றில் ஏற்படும் பழுதுகளைக் கண்டறிந்து சீராக்கும் புரதங்களுக்கான மரபணுக்களில், பெற்றோரிடமிருந்து பிறப்பிலேயே வந்துசேரும் வேறுபாடுகள் ஆகும். இவ்வேறுபாடுகள் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுமா, கூட்டுமாயின் எவ்வளவு என்பது 1990களின் இறுதியிலிருந்து பல நாடுகளில் ஆராயப்பட்டு வருகின்றது. மக்களிடையே பரவலாகக் காணப்படும் திரிபுகள் ஒவ்வொன்றும் இவ்வாய்ப்பை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அளவே கூட்டுகின்றன என்பதும், புகைபிடித்தல் அதே வாய்ப்பை மூன்று முதல் நான்கு மடங்காக்குகிறது என்பதும் இவ்வாய்வுகளிலிருந்து தெரியவந்தவை. இதற்கு மாறாக, மிகச் சில குடும்பங்களில் மட்டும் காணப்படும் அரிய பிறழ்வுகள் வலிய விளைவு உடையவை. இவ்விரு வகைகளும் செய்திகளிலும் விளம்பரங்களிலும் பெரும்பாலும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன.

சிறுநீர்ப்பையும் வேதிநஞ்சுகளும்

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 6,14,000 பேருக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 2,20,000 பேர் அவ்வாண்டில் இதனால் இறந்தனர். நோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் மூவர் ஆண்கள். வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் கலந்து வருதல் இந்நோயின் முதன்மையான அறிகுறியாகும்.

இந்நோய்க்கும் வேதிப்பொருட்களுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. செருமனியின் பிராங்க்ஃபர்ட் நகர அறுவை மருத்துவர் லூத்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடையே சிறுநீர்ப்பைக் கட்டிகள் தோன்றுவதை 1895-இல் அறிவித்தார். பென்சிடின், 2-நாப்தைலமின், 4-அமினோபைபினைல் முதலிய அரோமாட்டிக் அமீன்களே இதற்குக் காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று. பென்சிடினை அடிப்படையாகக் கொண்ட சாயங்களை இந்தியா 1990களில் தடைசெய்தது. இவ்வமீன்களிற் சில புகையிலைப் புகையிலும் உள்ளன. உடலுக்குள் சென்ற அமீன் கல்லீரலில் வேதிமாற்றம் அடைந்து, சிறுநீரகத்தின் வழியாக வெளியேறி, சிறுநீர்ப்பையில் சில மணிநேரம் தங்குகின்றது. சிறுநீரின் அமிலத்தன்மை காரணமாக அது வினைத்திறன் மிக்க வடிவம் பெற்று, பையின் உட்படலத்திலுள்ள உயிரணுக்களின் டி.என்.ஏ.வோடு, குறிப்பாகக் குவானின் காரத்தோடு, ஒட்டிக்கொள்கின்றது. ஒட்டிய துண்டு நீக்கப்படாமல் உயிரணு பிரியுமானால் டி.என்.ஏ. தவறாகப் படியெடுக்கப்படலாம். நிலத்தடி நீரிலுள்ள ஆர்செனிக்கும் இப்புற்றுநோயை உண்டாக்க வல்லது. எனினும் அது செயற்படும் வழி வேறு.

பழுதுநீக்க முறைகள்

டி.என்.ஏ.யில் நாள்தோறும் ஒவ்வோர் உயிரணுவிலும் பல்லாயிரம் பழுதுகள் ஏற்படுகின்றன. இவற்றைச் சீராக்கப் பல தனித்தனி ஏற்பாடுகள் உள்ளன. இவற்றின் இயக்கத்தை விளக்கியமைக்காக தோமசு லிண்டால், பால் மோட்ரிச், அசீசு சன்சார் ஆகிய மூவருக்கும் 2015-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சிறுநீர்ப்பையைப் பொறுத்தவரை முதன்மையானது நியூக்கிளியோட்டைடு வெட்டிநீக்கப் பழுதுபார்ப்பு என்னும் முறையாகும். அரோமாட்டிக் அமீன் போன்ற பெரிய துண்டு ஒட்டினால் டி.என்.ஏ.யின் முறுக்கேணி அவ்விடத்தில் வளைந்துவிடுகின்றது. எக்ஸ்.பி.சி. என்னும் புரதம் அவ்வளைவை உணர்ந்து அங்கே அமர்கிறது. அடுத்து வரும் புரதக் கூட்டத்தில் உள்ள எக்ஸ்.பி.டி. (இம்மரபணுவின் மற்றொரு பெயர் ஈ.ஆர்.சி.சி.2) இரு இழைகளையும் பிரித்துத் திறக்கிறது. எக்ஸ்.பி.ஏ. பழுதை உறுதிசெய்கிறது. எக்ஸ்.பி.ஜி., எக்ஸ்.பி.எஃப். என்னும் இரண்டு நொதிகள் பழுதின் இருபுறமும் வெட்டி, ஏறத்தாழ 30 எழுத்து நீளமுள்ள துண்டை அகற்றுகின்றன. எதிர் இழையைப் பார்த்து இடைவெளி மீண்டும் நிரப்பப்படுகின்றது. கிழிந்த துணியில் கிழிசலை மட்டும் தைக்காமல், அப்பகுதியையே வெட்டியெடுத்து ஒட்டுப்போடுவதை ஒத்தது இது.

எக்ஸ்.பி. என்னும் இரண்டெழுத்துகள் சீரோடெர்மா பிக்மென்டோசம் என்னும் அரிய நோயின் பெயரிலிருந்து வந்தவை. இந்நோயுடைய குழந்தைகளின் தோல் வெயில் பட்டாலே புண்ணாகி, இளவயதிலேயே தோற்புற்று தோன்றும். இவர்களின் உயிரணுக்களில் மேற்கூறிய பழுதுபார்ப்பு நடைபெறவில்லை என்பதை சேம்சு கிளீவர் 1968-இல் கண்டறிந்தார். பழுதுநீக்கம் அறவே பழுதானால் புற்றுநோய் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. அவ்வாறாயின், பழுதுநீக்கம் சற்றே குறைந்தால் புற்றுநோய் வாய்ப்பும் சற்றே கூடுமா? இக்கட்டுரையின் பொருளான ஆய்வுகள் யாவும் இவ்வினாவிலிருந்து பிறந்தவையே.

இதைத் தவிர, ஒற்றைக் காரம் மட்டும் சிதைந்தால் அதனை மாற்றும் முறை (ஓ.ஜி.ஜி.1, எக்ஸ்.ஆர்.சி.சி.1 முதலிய மரபணுக்கள்), இரு இழைகளும் அறுந்தால் இணைக்கும் முறை (எக்ஸ்.ஆர்.சி.சி.3, என்.பி.என்., பி.ஆர்.சி.ஏ.2), படியெடுக்கும்போது நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் முறை (எம்.எஸ்.எச்.2, எம்.எல்.எச்.1) ஆகியனவும் உண்டு.

திரிபு என்பதன் பொருள்

எந்த இரு மனிதரின் டி.என்.ஏ.யும் முற்றிலும் ஒன்றல்ல. உசாத்துணையாகக் கொள்ளப்படும் மனித மரபணுத் தொகுதியோடு ஒப்பிட்டால், ஒவ்வொருவரிடமும் 40 முதல் 50 இலட்சம் இடங்களில் வேறுபாடு காணப்படும். இவற்றுட் பெரும்பாலானவை ஓரெழுத்து வேறுபாடுகள், தீங்கற்றவை. பழுதுநீக்க மரபணு ஒன்றில் இத்தகைய வேறுபாடு இருந்து, அது புரதத்தின் ஓர் அமினோ அமிலத்தை மாற்றுமானால், ஆய்வாளரின் கவனம் அதன்மேல் விழுகின்றது. எடுத்துக்காட்டாக, எக்ஸ்.பி.டி. புரதத்தின் 751-ஆம் இடத்தில் சிலருக்கு லைசின் இருக்கும், சிலருக்குக் குளுட்டமின் இருக்கும். அதன் 312-ஆம் இடத்தில் அசுபார்ட்டிக் அமிலமோ அசுபரசினோ இருக்கலாம். எக்ஸ்.பி.சி.யின் 499-ஆம் இடத்தில் அலனின் அல்லது வாலின், எக்ஸ்.ஆர்.சி.சி.1-இன் 399-ஆம் இடத்தில் ஆர்சினின் அல்லது குளுட்டமின்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை குறைபாடுகள் அல்ல, நோயும் அல்ல. கண்ணின் நிறம் போல, நலமாக வாழும் கோடிக்கணக்கானோரிடம் காணப்படும் வேறுபாடுகள்.

ஆய்வுகள்

தொடக்ககால ஆய்வுகள் ஒரே அச்சில் வார்த்தவை எனலாம். ஒரு மருத்துவமனையிலிருந்து நூறு அல்லது இருநூறு நோயாளிகள், அதே எண்ணிக்கையில் நோயற்றவர்கள், இரண்டு மூன்று மரபணுக்கள். இவ்விரு குழுக்களிலும் ஒரு திரிபு எத்தனை பேருக்கு உள்ளது என எண்ணி ஒப்பிடுவர். இம்முறை எளிது, செலவும் குறைவு. ஆனால் சிறிய எண்ணிக்கையில் தற்செயலாகவே பெரிய வேறுபாடுகள் தோன்றக்கூடும். வேறுபாடு தென்பட்ட ஆய்வு இதழில் வெளியாகும். தென்படாதது மேசை அறைக்குள்ளேயே தங்கிவிடும். இதனால் ஒரு திரிபு நோய்வாய்ப்பை இரட்டிப்பாக்குகிறது என்று ஓர் ஆய்வும், தொடர்பே இல்லை என்று மற்றோர் ஆய்வும் கூறும் நிலை ஏற்பட்டது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே உண்டு. மேற்கு வங்கத்தில் ஆர்செனிக் கலந்த நீரைப் பருகியவர்களிடையே கொல்கத்தாவின் இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தார் நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. எக்ஸ்.பி.டி.யின் 751-ஆம் இடத்தில் இரு படிகளிலும் லைசின் உடையவர்களுக்கே, புற்றுக்கு முந்தைய தோல் தடிப்பு மிகுதியாக இருந்தது. மற்ற பல ஆய்வுகளில் ஐயத்திற்கு உள்ளானதோ குளுட்டமின் வடிவம். இதில் ஏதேனும் ஒன்று தவறு என உடனே முடிவு கட்டிவிட முடியாது. நஞ்சு வேறு, உறுப்பு வேறு, மக்கள் வேறு. ஆனால் '751 குளுட்டமின் தீயது' என்று பொதுவாகச் சொல்லிவிட இயலாது என்பது மட்டும் தெளிவு.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயைப் பொறுத்தவரை இந்தியாவில் இத்துறையில் தொடர்ந்து உழைத்தவர்கள் இலக்னோவிலுள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் கழகத்தினர். எக்ஸ்.ஆர்.சி.சி.1, ஓ.ஜி.ஜி.1, எக்ஸ்.ஆர்.சி.சி.3, எக்ஸ்.பி.சி. முதலிய மரபணுக்களை வட இந்திய நோயாளிகளிடம் ஆராய்ந்து 2009, 2010 ஆண்டுகளில் பல கட்டுரைகளை வெளியிட்டனர். எக்ஸ்.பி.சி. பற்றிய ஆய்வு, பி.சி.ஜி. மருத்துவம் பெற்றவர்களிடம் கட்டி மீண்டும் தோன்றுவதற்கும் அம்மரபணுத் திரிபுகளுக்கும் தொடர்பு கண்டது. (காசநோய்த் தடுப்பூசியாகிய அதே பி.சி.ஜி.தான் இது. 1976 முதல் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி மேலோட்டமான கட்டிகளின் மருத்துவத்திற்கும் பயன்படுகிறது.) இவ்வாய்வுகளும் சில நூறு பேரை மட்டுமே கொண்டவை.

குழப்பத்தைத் தீர்க்க ஒரே வழி எண்ணிக்கையைக் கூட்டுவதாகும். எசுப்பானியாவில் ஏறத்தாழ 1,150 நோயாளிகளையும் அதே அளவு நோயற்றவர்களையும் கொண்ட ஆய்வு வெட்டிநீக்கப் பழுதுபார்ப்பு மரபணுக்களை 2006-இல் விரிவாக ஆராய்ந்தது. 2009-இல் பன்னாட்டுச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க் கூட்டமைப்பு 13 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து, 5,282 நோயாளிகளையும் 5,954 நோயற்றவர்களையும் ஒப்பிட்டது. மூன்று திரிபுகள் மட்டுமே அதில் தேறின: எக்ஸ்.பி.டி. 312, எக்ஸ்.பி.சி. 499, என்.பி.என். 185. திரிபின் ஒவ்வொரு படிக்கும் நோய்வாய்ப்பு முறையே 10, 10, 9 விழுக்காடு கூடியது. இவையும் புள்ளியியல் எல்லையை ஒட்டியே தேறியவை. இவற்றுள் என்.பி.என். திரிபின் விளைவு புகைபிடித்தவர்களிடம் மட்டுமே காணப்பட்டது. மிகுதியாகவும் நெடுநாளாகவும் புகைத்தவர்களிடம் அது மேலும் வலுத்தது. புகையால் பழுது நேர்ந்தால்தான் பழுதுநீக்குபவரின் திறமைக் குறைவு வெளிப்படும் என்னும் கருத்துக்கு இது இசைவானது.

இதனிடையே ஆய்வு முறையே மாறிவிட்டது. முன்னமே ஐயுற்ற மரபணுவை மட்டும் பார்க்காமல், மரபணுத் தொகுதி முழுவதிலும் பல இலட்சம் இடங்களை ஒருங்கே சோதிக்கும் முறை 2008 முதல் இந்நோய்க்கும் பயன்படலாயிற்று. இதில் தற்செயல் முடிவுக்கான வாய்ப்பு இரண்டு கோடியில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தால்தான் ஒரு தொடர்பு ஏற்கப்படும். இக்கடுமையான சல்லடையில் தேறியவை எட்டாம் நிறப்புரியிலுள்ள ஒரு பகுதி, டி.பி.63, பி.எஸ்.சி.ஏ., டெர்ட், சிறுநீர் உப்பைக் கடத்தும் எஸ்.எல்.சி.14.ஏ.1 போன்றவை. நச்சை முறிக்கும் நொதிகளுக்கான நாட்2, ஜி.எஸ்.டி.எம்.1 ஆகியவையும் நிலைத்தன. எசுப்பானிய ஆய்வில் ஜி.எஸ்.டி.எம்.1 அறவே இல்லாதவர்களுக்கு நோய்வாய்ப்பு 1.7 மடங்காகவும், நாட்2 மெதுவாக இயங்குபவர்களுக்கு 1.4 மடங்காகவும் இருந்தது. பத்தாண்டு காலம் நூற்றுக்கணக்கான கட்டுரைகளின் பொருளாயிருந்த பழுதுநீக்கத் திரிபுகள் இப்பட்டியலின் முன்வரிசையில் இல்லை. இத்துறையில் ஈடுபட்டோருக்கு இது ஏமாற்றமாகவே இருந்திருக்கும். ஆயினும் கேள்வி தவறன்று. விளைவு சிறியது, அவ்வளவே.

எண்களைப் புரிந்துகொள்ளுதல்

'10 விழுக்காடு கூடுதல்' என்னும் தொடரை, நூற்றில் பத்துப்பேருக்கு நோய் வரும் என்று சிலர் பொருள் கொள்கின்றனர். இது தவறு. புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ வாழும் புகைபிடிக்காத ஆயிரம் ஆண்களை எடுத்துக்கொள்வோம். அவர்களுள் மூவருக்கு வாழ்நாளில் இந்நோய் வரும் எனக் கணக்கிற்காகக் கொள்வோம் (இது உண்மைப் புள்ளிவிவரம் அன்று). அந்த ஆயிரம் பேருக்கும் எக்ஸ்.பி.டி. 312 திரிபு இரு படிகளிலும் இருப்பதாகக் கொண்டாலும், மூன்று என்பது 3.6 ஆகும், நான்கைக் கூட எட்டாது. ஆயிரம் பேரும் பீடியோ சிகரெட்டோ நெடுங்காலம் பிடிப்பவர்களானால் மூன்று என்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உயரும்.

பல திரிபுகளைச் சேர்த்து மதிப்பெண் இடும்போது படம் சற்று மாறுகின்றது. 12 திரிபுகளை ஒன்றுகூட்டிய ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. 50 வயதுள்ள, புகைபிடிக்கும் அமெரிக்க ஆண்களுக்கு அடுத்த 30 ஆண்டுகளில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சராசரியாக 6.2 விழுக்காடு, மரபணு மதிப்பெண் மிகக் குறைந்த காற்பகுதியினருக்கு 2.9, மிகுந்த காற்பகுதியினருக்கு 9.9. மிகுந்த மதிப்பெண் உடைய ஒரு இலட்சம் ஆண்களிடையே புகைப்பழக்கம் இல்லையாயின் 8,200 பேர் நோயிலிருந்து தப்புவர். குறைந்த மதிப்பெண் உடைய ஒரு இலட்சம் பேரிடையே 2,000 பேர். அதாவது தீய மரபு வாய்த்தவருக்குத்தான் புகையிலையை விடுவதால் கிடைக்கும் பயன் நான்கு மடங்கு. 'எங்கள் வம்சத்துக்கு வருவது வரத்தான் செய்யும்' என்று சொல்லிப் புகைப்பவர், கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார். இவ்வெண்கள் அமெரிக்க ஆண்களுக்குரியவை. அந்நாட்டில் இந்நோய் இந்தியாவைவிடப் பலமடங்கு மிகுதி என்பதால் அப்படியே நம்மூருக்குப் பொருத்த முடியாது.

அரிய, வலிய பிறழ்வுகள்

எழுத்துப் பிழைகளைத் திருத்தும் மரபணுக்களில் ஒன்று பிறப்பிலேயே செயலிழந்திருப்பது லிஞ்சு நோய்த்தொகை எனப்படும். இதில் பெருங்குடற் புற்றும் கருப்பைப் புற்றும் முதன்மையானவை. சிறுநீரகத்திலிருந்து வரும் சிறுநீர்க்குழாயிலும் புற்று தோன்றும். எம்.எஸ்.எச்.2 மரபணுவில் பிறழ்வு உடையவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் வாய்ப்பும் கூடுகின்றது. பிறழ்வு உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சேரும் வாய்ப்பு சரிபாதி. ஆகவே 50 வயதுக்கு முன்னரே இந்நோய் வந்தவர், அல்லது குடும்பத்தில் பெருங்குடற் புற்று, கருப்பைப் புற்று ஆகியன பலருக்கு வந்திருப்பவர், அதனை மருத்துவரிடம் தவறாது கூற வேண்டும். இங்கு மரபணுச் சோதனை பொருளுடையது. ஏனெனில் பிறழ்வு உறுதியானால், நலமாக உள்ள உடன்பிறந்தாரைக் குடல் அகநோக்கிச் சோதனையால் கண்காணித்து உயிர்காக்க முடியும்.

அமெரிக்காவில் சிறுநீர்ப்பை உள்ளிட்ட சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயாளிகள் 586 பேரைச் சோதித்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில் 14 விழுக்காட்டினரிடம் பிறவிப் பிறழ்வு காணப்பட்டது. அவற்றுட் பெரும்பாலானவை பி.ஆர்.சி.ஏ.2, எம்.எஸ்.எச்.2 போன்ற பழுதுநீக்க மரபணுக்களில் இருந்தன. பெரிய புற்றுநோய் மையத்திற்கு வந்துசேர்ந்த நோயாளிகள் என்பதால் இவ்விழுக்காட்டை எல்லா நோயாளிகளுக்கும் உரியதாகக் கொள்ளலாகாது.

பிறவித் திரிபும் கட்டியில் தோன்றும் பிறழ்வும்

ஒரே மரபணு இருவகையில் பேசப்படுவதால் மாணவர்களுக்குக் குழப்பம் நேர்வதுண்டு. பிறவித் திரிபு உடலின் எல்லா உயிரணுக்களிலும் இருக்கும், இரத்தத்தில் சோதிக்கலாம். கட்டியில் பின்னர் தோன்றும் பிறழ்வு அக்கட்டியில் மட்டும் இருக்கும், பிள்ளைகளுக்குச் செல்லாது. எக்ஸ்.பி.டி. மரபணு கட்டியில் பிறழ்ந்திருந்தால் அக்கட்டி சிசுபிளாட்டின் மருந்துக்கு நன்கு கட்டுப்படுகிறது என்பது 2014-இல் தெரியவந்தது. மருந்து ஏற்படுத்தும் பழுதைக் கட்டியால் சீராக்க இயலாமையே காரணம்.

தமிழ்நாடும் புதுக்கோட்டையும்

தமிழ்நாட்டில் புற்றுநோய் மருத்துவத்தின் வரலாறு புதுக்கோட்டையோடு தொடர்புடையது. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, அங்குள்ள மன்னர் கல்லூரியில் முதல் மாணவியாகச் சேர்ந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கை புற்றுநோயால் இறந்த துயரத்தின் விளைவாகவே அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவப் பாடுபட்டார். அது 1954-இல் செயற்படத் தொடங்கியது. ஒரே குடும்பத்தில் பலருக்குப் புற்றுநோய் வருவது பற்றிய மரபணு ஆய்வுகளும் பின்னாளில் அங்கு நடைபெற்றன. தென்னிந்தியக் குடும்பங்களில் பி.ஆர்.சி.ஏ. பிறழ்வுகள் பற்றிய அதன் முடிவுகள் 2003-இல் வெளியாயின. சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கம் முதலும், மாநிலம் முழுவதற்குமான பதிவுத் திட்டம் 2012 முதலும் இந்நிலையத்தின் பொறுப்பில் உள்ளன. 2011 கணக்கெடுப்பின்படி 16,18,345 மக்கள்தொகை கொண்ட புதுக்கோட்டை மாவட்டமும் இதில் அடங்கும். பதிவேட்டில் வயது, பால், ஊர், புற்று தோன்றிய உறுப்பு ஆகியன இடம்பெறுகின்றன. மரபணு வடிவம் அத்தகைய பதிவேட்டிற்குரிய செய்தி அன்று.

எசுப்பானியர்களிடமோ இலக்னோ நோயாளிகளிடமோ கிடைத்த எண்களைப் புதுக்கோட்டைக்குப் பொருத்துவதில் இடர் உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கூட்டாய்வு ஐரோப்பிய வழித்தோன்றல்களை மட்டுமே கணக்கிற்கொண்டது. திரிபுகளின் பரவல் மக்கட் குழுக்களிடையே மாறுபடும். தெற்காசியாவில் தத்தம் சமூகத்திற்குள்ளேயே மணம் செய்யும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக நிலவுவதால், சில சமூகங்களில் ஓர் அரிய பிறழ்வு மட்டும் மிகுந்திருக்கக் கூடும். ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையமும் பிற நிறுவனங்களும் இணைந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 263 குழுக்களுள் 81 இவ்வகையில் பின்லாந்து மக்களையும் விஞ்சியவையாக இருந்தன.

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் ஆகியோரை மணக்கும் வழக்கம் பற்றியும் கேட்கப்படுவதுண்டு. இருபடிகளும் பழுதானால் மட்டுமே தோன்றும் சீரோடெர்மா பிக்மென்டோசம் போன்ற நோய்கள் உறவுமுறைத் திருமணங்களில் மிகுகின்றன. மாமன் மகளை மணந்தோரின் குழந்தைக்கு 16-இல் ஒரு பங்கு மரபணு இடங்களிலும், அக்காள் மகளை மணந்தோரின் குழந்தைக்கு 8-இல் ஒரு பங்கு இடங்களிலும் இரு படிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையாக இருக்கும். பரவலான, விளைவு சிறிய திரிபுகளைப் பொறுத்தவரை இவ்வழக்கத்தால் பெரிய மாற்றம் நேர்வதில்லை. லிஞ்சு பிறழ்வுக்கு ஒரு படியே போதும். அதற்கும் உறவுத் திருமணத்திற்கும் நேரடித் தொடர்பில்லை.

10,000 இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதியை வாசித்த 'ஜீனோம் இந்தியா' திட்டத்தின் தரவுகள் 2025 சனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. எக்ஸ்.பி.டி.யின் 312-ஆம் இடத்தில் எந்த வடிவம் எந்த மக்களிடையே எவ்வளவு பரவியுள்ளது போன்ற வினாக்களுக்கு இத்தகைய தரவுகள் விடை தரும். அத்திரிபால் புற்றுநோய் வருகிறதா என்பதற்கு விடை காண, நோயாளிகளின் மரபணுவும் அவர்களின் புகைப்பழக்கம், தொழில், குடிநீர் ஆகியவையும் ஒருசேரப் பதியப்பட வேண்டும். புதுக்கோட்டையில் 2017 முதல் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சிறுநீரில் இரத்தம் கண்டு வருபவருக்கு இச்சோதனைகள் எதுவும் முதலில் தேவையில்லை. சிறுநீர் ஆய்வு, கேளா ஒலி அலகீடு, சிறுநீர்ப்பை அகநோக்கி ஆகியவற்றாலேயே நோய் கண்டறியப்படுகிறது. வலி இல்லையே என்று தள்ளிப்போடுவதுதான் பலருக்கு நோய் முற்றக் காரணமாகிறது.